ராத்திரியிலயும் 2ஆம் ஹார்மோனிக் 2.5%: சென்சார் பிழையோ?

கொக்குவில் பெடியன்:
அண்ணாமார், அக்காமார், கூரைச் சோலாரால லைன் வோல்டேஜில வாற ஹார்மோனிக்கை (50 ஹெர்ட்ஸின்ர மடங்கு மீடிறன்களில கலக்கிற அலையளை) எம்ஃபில் ஆய்வுக்கு அளக்கிறன். அம்மம்மா வீட்டு பிளக்பொயிண்ட்டில செட்டப்: ஈஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலர், இசட்எம்பிடி101பி வோல்டேஜ் சென்சார், செக்கனுக்கு 5000 சாம்பிள், அலையை மீடிறன் மீடிறனாப் பிரிக்க 1024 புள்ளி எஃப்எஃப்டி. டிஎச்டி, அதாவது ஹார்மோனிக் எல்லாம் சேர்ந்த மொத்தச் சிதைவு, 6.1% வருது. பகலில எண்டால் சோலார் எண்டு எழுதலாம், ராத்திரி 11 மணிக்கும் இதே கதைதான். 2ஆம் ஹார்மோனிக் மட்டும் 2.5%. மற்றது, வைஃபையைப் போட்டவுடன 25ஆம் பின் வாசிக்குதில்லை. சென்சாரைக் கழட்டிப்போட்டு ஏடிஎஸ்1115 வாங்குவமோ எண்டு யோசிக்கிறன். வெள்ளிக்கிழமை சூப்பர்வைசரிட்டக் காட்டோணும்.

லேப் அக்கா:
வைஃபை சின்ன விசயம் தம்பி. 25ஆம் பின் ஏடிசி2இல (வோல்டேஜை எண்ணா மாத்திற இரண்டாவது பகுதியில) இருக்கு, அதை வைஃபையும் பாவிக்கும். வயரை 34க்கு மாத்துங்கோ, அது ஏடிசி1. ஏடிஎஸ்1115 வாங்காதேங்கோ. 16 பிட்தான், ஆனா செக்கனுக்கு 860 சாம்பிளுக்கு மேல ஓடாது. 9ஆம் ஹார்மோனிக்கே 450 ஹெர்ட்ஸ், அதைப் பிடிக்க 900க்கு மேல வேணும். அதோட அது ஏடிசி, சென்சார் இல்லை!

பழைய பட்டறை:
சென்சாரைத் திட்ட முதல் கணக்கைப் பாரும். 1024ஐ 5000ஆல பிரிச்சால் 204.8 மில்லிசெக்கன், அதாவது 50 ஹெர்ட்ஸில 10.24 சுற்று. அந்த 0.24 அரைகுறையா வெட்டுப்பட, 50 ஹெர்ட்ஸின்ர சக்தி மற்ற மீடிறன்களுக்கெல்லாம் ஒழுகுது. செக்கனுக்கு 5120 சாம்பிளா மாத்தும், 1024 புள்ளி சரியா 200 மில்லிசெக்கன், 10 சுற்று. ஹார்மோனிக் அளக்கிறதுக்கான ஐஇசி 61000-4-7 தரமும் 50 ஹெர்ட்ஸுக்கு அதைத்தான் கேக்குது. முதல்ல சிக்னல் ஜெனரேட்டரால சுத்தமான சைன் அலை குடுத்துப் பாரும். அதுக்கும் டிஎச்டி காட்டினால் குற்றவாளி ஆரெண்டு தெரியும்.

கொக்குவில் பெடியன்:
ஓம் அண்ணை, வெறும் சைனுக்கே 3.1% காட்டிச்சுது! 5120க்கு மாத்த 0.5. லைனில இப்ப 5.2, 2ஆவது 0.4க்கு விழுந்திட்டு, மிச்சம் 3, 5, 7தான். எல்ஈடி பல்ப், டிவி எல்லாம் இருக்குத்தானே. ஆனா மூண்டு கிழமை எடுத்த பகல் அளவு முழுக்கப் போச்சே...

பழைய பட்டறை:
அழாதேயும். சாம்பிளை அப்பிடியே சேமிச்சனீரோ, டிஎச்டியை மட்டுமோ?

கொக்குவில் பெடியன்:
எல்லாம் எஸ்டி கார்ட்டில கிடக்கு.

பழைய பட்டறை:
அப்ப ஒவ்வொரு 1024இலயும் முதல் 1000ஐ மட்டும் எடும். 5000இல அது சரியா 10 சுற்று. பைதனில எஃப்எஃப்டிக்குப் புள்ளி எண்ணிக்கை இரண்டின் அடுக்கா இருக்கத் தேவையில்லை. லைன் 49.8க்கு இறங்கிற நேரம் கொஞ்சம் ஒழுகும், அதுக்கு ஹான் விண்டோ போடும், அது வெட்டுற ரெண்டு ஓரத்தையும் மெதுவாக் குறைக்கும்.

கொக்குவில் பெடியன்:
ஓடவிட்டிட்டன். அம்மம்மா தேத்தண்ணி கொண்டு வாறா, பிறகு வாறன்.