கிளிப் போட்ட பிறகு இனிப்பு கூடிவிட்டது, எப்படிக் குறைப்பது?

மாசிவீதி கணக்கன் எழுதியது:

31 வயதில் பல்லுக்கு கிளிப் போட்டிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னாலேயே போட்டிருக்க வேண்டியது, பணம் இப்போதுதான் சேர்ந்தது. ஏழு மாதம் ஆகிறது. போன வாரம் டைட் பண்ணப் போனபோது டாக்டர் கம்பியைக் கழற்றிவிட்டு, பல்லைக் காற்றடித்துக் காயவைத்து, கண்ணாடியைக் கையில் கொடுத்தார். மேல் வரிசையில் இரண்டு கோரைப்பல்லிலும், பிராக்கெட்டுக்கும் (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டுகிற சின்ன வில்லை) ஈறுக்கும் நடுவே, பிறை மாதிரி வெள்ளைத் திட்டு. சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல இருந்தது. "சொத்தைக்கு முதல் படி இது. இனிப்பைக் குறைங்க. இல்லைன்னா பல் நேராகிடும், ஆனா கிளிப்பைக் கழட்டுற அன்னைக்கு ஒவ்வொரு பல்லிலும் கட்டம் போட்ட மாதிரி தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவே இல்லை. நான் இனிப்புப் பிரியன் கிடையாது. தீபாவளிக்கு வந்த மைசூர்பாகைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடுகிற ஆள். ஆனாலும் கணக்கெழுதுகிற கை சும்மா இருக்குமா? மூன்று நாள், வாயில் போட்டதையெல்லாம் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்து வைத்தேன்.

காலையில் வீட்டில் காபி. கடையில் பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ. ஆறரைக்கு முதலாளியோடு இன்னொரு டீ. இரவு படுக்கும்போது சீனி போட்ட பால். இது தினப்படி. டைட் பண்ணிய நாளில் இருந்து மூன்று நாளைக்கு எதையும் கடிக்க முடியாது என்பதால் ஜிகர்தண்டா, பாலில் நனைத்த ரொட்டி, ஜவ்வரிசிப் பாயசம். முன்பு சாயங்காலம் முறுக்கோ வறுகடலையோ கொறிப்பேன், இப்போது அந்த இடத்தில் கேக். கிளிப்புக்குப் பயந்து கடினமானதையெல்லாம் வெளியே அனுப்பினேன், மெத்தென்று இருந்ததெல்லாம் உள்ளே வந்தது. மெத்தென்று இருப்பதெல்லாம் இனிப்பாகவே இருக்கிறது, என்ன கொடுமை!

இப்போது நான் செய்திருப்பது: வீட்டுக் காபியில் சீனியை நிறுத்திவிட்டுக் கருப்பட்டி. ஆறரை டீக்குப் பதில் உப்பு போட்ட எலுமிச்சை சோடா. கடை டீயில் கை வைக்க முடியவில்லை, கேனில் சீனி கலந்தேதான் வருகிறது. தனியாகக் கேட்டதற்கு, "அண்ணே, பதினாறு கடைக்கு ஒரே கேன்" என்றான் பையன். அதனால் கணக்குப் பார்த்துக்கொண்டே அரை கிளாஸை மட்டும் முக்கால் மணி நேரம் உறிஞ்சிவிட்டு மீதியைக் கொட்டிவிடுகிறேன்.

இது போதுமா? கிளிப் போட்டவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

கரிசல்காரன்:

கோவில்பட்டிக்காரன் நானே சொல்கிறேன், கிளிப் கழற்றுகிற வரை கடலைமிட்டாய்ப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். கடித்த வேகத்தில் பிராக்கெட் பிய்ந்துகொண்டு மிட்டாயோடு கையில் வந்தது. திரும்ப ஒட்ட 400 ரூபாய் ஆனது. அதைவிட, பாகு இரண்டு நாளைக்குக் கம்பிக்குள்ளேயே கிடந்தது. ஒட்டினால் ஒட்டியதுதான்.

மூணாங்கடைவாய்:

அண்ணா, நான் பல் மருத்துவம் கடைசி வருடம் படிக்கிறேன். உங்கள் வாயைப் பார்த்தவர் உங்கள் டாக்டர், அவர் பேச்சுதான் முடிவு. ஆனால் உங்கள் கணக்கில் ஒரு தப்பு இருக்கிறது, அதை மட்டும் சொல்கிறேன். நீங்கள் எண்ணுவது ஸ்பூனை. பல் எண்ணுவது தடவையை.

பல்லில் படிகிற அழுக்கில் இருக்கும் கிருமிகளுக்கு சீனி கிடைத்தால் சில நிமிடத்தில் அமிலம் சுரக்கும். அங்கே பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமலில் இருந்து சுண்ணாம்புச்சத்து கரைய ஆரம்பிக்கும். எச்சில் அதைக் கழுவி, நடுநிலைக்குக் கொண்டுவர அரை மணியில் இருந்து ஒரு மணி நேரம் வரை பிடிக்கும். 1940-களில் ஸ்டீபன் என்ற அமெரிக்கர் அளந்து வரைந்த கோடு இது, எங்கள் பரீட்சையில் தவறாமல் வரும். அந்தக் கோட்டில் உங்கள் அரை கிளாஸைப் போட்டுப் பாருங்கள். முழு கிளாஸை ஐந்து நிமிடத்தில் குடித்து முடித்தால் ஒரு இறக்கம். அரை கிளாஸை முக்கால் மணி நேரம் உறிஞ்சினால் அது மேலே ஏறவே வழியில்லை. சீனியைப் பாதியாக்கி, பல் அமிலத்தில் ஊறுகிற நேரத்தைக் கூட்டிவிட்டீர்கள்.

ஸ்வீடனில் வீப்பெஹோல்ம் என்ற மனநலக் காப்பகத்தில் 1945-ல் தொடங்கிய ஆய்வும் இதைத்தான் காட்டியது. சாப்பாட்டோடு சீனி சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை கொஞ்சமாகத்தான் கூடியது. நடுநடுவே ஒட்டுகிற டாஃபி தின்றவர்களுக்கு எகிறியது. (சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாத நோயாளிகளுக்கு டாஃபி கொடுத்துச் சொத்தை வரவைத்த ஆய்வு அது. படிக்கும்போதே வயிற்றைப் பிசைந்தது.)

கருப்பட்டி விஷயம்: நாக்குக்கு வேறு, பல்லுக்கு ஒன்றுதான். அதிலும் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ். நாட்டுச் சர்க்கரையும் அப்படித்தான். தேனில் இருப்பது பெரும்பாலும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும், ஆனால் கிருமிகள் அதிலிருந்தும் அமிலம் சுரக்கும். எலுமிச்சை சோடாவில் சீனி இல்லை, சரி, ஆனால் அதுவே அமிலம். அதைக் குடித்த கையோடு பிரஷ் போடாதீர்கள், தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி கழித்துப் போடுங்கள். இரவுப் பாலில் இருக்கும் சீனியை முதலில் நிறுத்துங்கள். தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடும், கழுவ ஆளில்லை.

வெள்ளைத் திட்டு பள்ளமாகாத வரை ஃபுளோரைடு ஓரளவு காப்பாற்றும். பேஸ்ட் டப்பாவில் 1000 பிபிஎம் இருக்கிறதா என்று பாருங்கள், துப்பிய பிறகு குடம் தண்ணீரில் கொப்பளிக்காதீர்கள்.

கருப்பட்டி ரசிகன்:

கருப்பட்டியில் இரும்புச்சத்து இருக்கிறதே? எங்கள் பாட்டி எண்பது வயதிலும் கரும்பு கடித்தார்.

மூணாங்கடைவாய்:

பாட்டி கிளிப் போட்டிருந்தாரா அண்ணா?

பீளமேடு டீச்சர்:

தம்பி, நான் 38 வயதில் போட்டு 40-ல் கழற்றினேன். கழற்றிய அன்று கண்ணாடியில் பார்த்தால் இடது பக்கம் முன்பல்லில் பிராக்கெட் இருந்த இடம் மட்டும் பழைய பல், சுற்றிலும் வெளுத்துக் கிடக்கிறது, ஸ்டாம்ப் ஒட்டிப் பிய்த்த மாதிரி. இன்னமும் போட்டோவுக்கு வாயை மூடித்தான் சிரிக்கிறேன். ஸ்டாஃப் ரூமில் டப்பா டப்பாவாகப் பிறந்தநாள் சாக்லேட் வரும். வேண்டாம் என்றால் பிள்ளைகள் முகம் வாடிவிடும் என்று ஒவ்வொரு பீரியடுக்கும் ஒன்று. பாப்பா சொன்ன அந்தத் தடவைக் கணக்கு அப்போது தெரியவில்லை. தெரிந்த பிறகு வாங்கி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மத்தியானம் சாப்பாட்டோடு ஒரே ஒரு சாக்லேட், உடனே பல் தேய்ப்பு என்று வைத்துக்கொண்டேன்.

டைட் பண்ணுகிற நாளைக்கு எங்கள் ஊர் அரிசிம்பருப்பு சாதத்தை ஒரு டம்ளர் தண்ணீர் கூட விட்டுக் குழைய வேகவையுங்கள், மேலே நெய். கரண்டியால் மசித்தால் கடிக்கவே வேண்டாம். அடுத்த நாள் இட்லியை சாம்பாரில் அரை மணி ஊறப்போடுங்கள், அல்லது முட்டையை உடைத்துவிட்டுக் கிளறி இறக்குங்கள். மோர் விட்டுக் கரைத்த கம்மங்கூழ் இருந்தால் ஜிகர்தண்டா ஞாபகமே வராது. சரி, வரும். கொஞ்சம் கம்மியாக வரும்.

நான் காபிக்கு அஸ்காவை (உங்கள் ஊர்ச் சீனிதான்) வாரத்துக்குக் கால் ஸ்பூனாகக் குறைத்தேன். ஒரேயடியாக நிறுத்தினால் நான்காம் நாள் டப்பாவோடு நிற்போம். மூன்றாவது வாரம்தான் கஷ்டம், அப்புறம் நாக்கு பழகிவிடும்.

கடை டீக்கு ஏன் பையனிடம் கேட்கிறீர்கள்? மாஸ்டரிடம் நேரில் போங்கள். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குச் சீனியில்லாமல் போட்டுத்தராத டீக்கடை தமிழ்நாட்டில் உண்டா?

மாசிவீதி கணக்கன்:

எல்லோருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். நேற்று டைட் பண்ணினார்கள். திட்டு அப்படியேதான் இருக்கிறது, பெரிதாகவில்லை. அதன்மேல் ஏதோ ஃபுளோரைடு பூசி, சாயங்காலம் வரை சூடாக எதுவும் குடிக்க வேண்டாம் என்றார் டாக்டர்.

இரவுப் பாலில் சீனி போய்விட்டது. காபி இப்போது அரை ஸ்பூனில் நிற்கிறது. சோடாவை விட்டுவிட்டேன். அரிசிம்பருப்பை வீட்டம்மா செய்து பார்த்தாள், "இது நம்ம ஊர் கிச்சடிதானே" என்று ஒரு கருத்தும் சொன்னாள். டீச்சர் அக்கா மன்னிக்கவும்.

டீக்கடைக்கு நானே போனேன். மாஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சுகரா தம்பி?" என்றார். "இல்லண்ணே, கிளிப்பு" என்று வாயைத் திறந்து காட்டினேன். பாவம் என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு, மறுநாளில் இருந்து தனி கிளாஸில் என் டீயை அனுப்புகிறார். அடையாளத்துக்கு மேலே ஒரு பேப்பர் மூடி. பையன் கேனோடு வாசலில் நின்றுகொண்டு, "சுகர் அண்ணன் டீ!" என்று கத்துகிறான்.

இப்போது வீதி முழுக்க எனக்குச் சர்க்கரை வியாதி. கிளிப் என்று சொன்னால் சமாளிக்கிறேன் என்று நினைக்கிறார்கள். முதலாளி வீட்டம்மா முந்தாநாள் ஒரு டப்பா வெந்தயப் பொடி கொடுத்துவிட்டிருக்கிறார், காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூனாம். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, இன்னும் திறக்கவில்லை.