ஜாவா ரயில், சுமத்ராக் கப்பல்: தனியாகப் போனபோது கூட வந்தவர்கள்

இந்தோனேசியாவுக்குத் தனியாகப் போகலாமா, ஊர் விட்டு ஊர் போக எது மலிவு, பயமில்லையா என்று இங்கே அடிக்கடி கேட்கிறார்கள். எங்கே தங்கலாம், என்ன பார்க்கலாம் என்பதை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். வழியில் யாரைச் சந்தித்தீர்கள், அவர்களால் பயணம் எப்படி மாறியது என்பதை மட்டும் இந்த இழையில் எழுதுவோம். நானே ஆரம்பிக்கிறேன்.

யோக்யகர்த்தாவில் இரண்டு ரயில் நிலையங்கள் உண்டு. துகு பெரியது, கட்டணம் கூடிய வண்டிகள் அங்கே நிற்கும். எக்கானமி வண்டிகளுக்குப் பெரும்பாலும் லெம்புயாங்கான் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். அங்கிருந்து காலையில் கிளம்பும் ஸ்ரீ தஞ்சுங் என்ற வண்டி, ஜாவாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் கெத்தாப்பாங்குக்கு இரவு எட்டு மணிவாக்கில் போய்ச் சேரும். அரசு மானியம் உள்ள வண்டி. ஒரு லட்சம் ரூபியாவுக்கும் குறைவான டிக்கெட், நம் பணத்தில் ஐந்நூறு ரூபாய் அளவுதான். பாலிக்குப் போகிற வெளிநாட்டுக்காரர்கள் பலர் இந்த வண்டியைப் பார்ப்பதே இல்லை, விமானத்தில் ஒரே தாவாகத் தாவிவிடுகிறார்கள்.

நான் போன பெட்டியில் ஒரு பக்கம் மூன்று பேர், மறுபக்கம் இரண்டு பேர் உட்காரும் இருக்கைகள். நிமிர்ந்த முதுகு, சாய்க்க முடியாது. எதிரெதிர் வரிசை என்பதால் முழங்காலோடு முழங்கால் இடிக்கும். ஆனால் ஏசி உண்டு, செல்போன் சார்ஜ் செய்ய இடம் உண்டு, கழிப்பறை சுத்தம். டிக்கெட்டில் உள்ள பெயரையும் பாஸ்போர்ட்டையும் ஒத்துப் பார்த்த பிறகே நடைமேடைக்குள் விடுகிறார்கள். ஒரு காலத்தில் இதே நாட்டில் ரயில் கூரைமேல் உட்கார்ந்து போவார்கள், பெட்டிக்குள் வியாபாரமும் புகையும் நெரிசலுமாக இருக்கும். 2009-இல் ரயில்வே பொறுப்புக்கு வந்த இக்னாசியஸ் ஜோனான் காலத்தில்தான் அதெல்லாம் மாறியது. இருக்கை இருக்கிற அளவுக்குத்தான் டிக்கெட், புகைக்கத் தடை, பெயர் பார்த்து ஏற்றுவது எல்லாம் அப்போது வந்தவை. தனியாகப் போகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது உள்ளே உட்கார்ந்தால் தெரியும். பையை மேலே வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

எனக்கு எதிரே ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா, பேரனோடு. யோக்யகர்த்தாவில் வாங்கிய பக்பியா இனிப்புப் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டி மடியில் வைத்திருந்தார். ஜெம்பர் போகிறார். பக்கத்தில் பாலிக்குக் கட்டட வேலைக்குப் போகிற இளைஞர். வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் கேள்விகள் ஆரம்பம். எந்த ஊர், ஏன் தனியாக, கல்யாணம் ஆகிவிட்டதா, நீ இங்கே இருப்பது அம்மாவுக்குத் தெரியுமா. எனக்குத் தெரிந்த இந்தோனேசிய வார்த்தைகள் பத்துப் பதினைந்து. மீதிக்கு போன்.

இந்தியா என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அர்ஜுனா!" என்றார். 2014-இல் இந்திய மகாபாரதத் தொடர் அங்கே தொலைக்காட்சியில் வந்து பெரிய வெற்றி பெற்றது, அர்ஜுனனாக நடித்தவருக்கு அங்கே இன்றும் ரசிகர்கள் உண்டு. ஆனால் இந்த அம்மாவுக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. தொடரில் திரௌபதிக்கு ஐந்து கணவர்கள். அவர் சின்ன வயதிலிருந்து பார்த்த ஜாவானிய வாயாங் தோல்கூத்தில் திரௌபதி யுதிஷ்டிரனுக்கு மட்டும்தான் மனைவி. அவருடைய அப்பா தொடரைப் பார்த்துவிட்டு, கதையை மாற்றிவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டாராம். உங்கள் ஊரில் எப்படி என்று என்னிடம் கேட்டார். ஐந்து பேர்தான் என்றேன். நம்பாமல் அந்த இளைஞரைப் பார்த்தார். எங்கள் ஊரில் திரௌபதிக்குக் கோயில் இருக்கிறது, தீமிதி நடக்கும் என்று போனில் எழுதிக் காட்டினேன். திரும்பத் திரும்பப் படித்தார். அப்புறம் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, சோறு, பொரித்த தெம்பே, பாதி முட்டை, ஓரமாகக் கொஞ்சம் சம்பல் என்கிற மிளகாய் விழுது எல்லாம் எனக்கு முன்னால் தள்ளினார். வேண்டாம் என்று சொல்லவே விடவில்லை. அந்தச் சம்பலில் பெரும்பாலும் இறால் விழுது இருக்கும், சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்கவும். தெம்பே சோயாதான், பயமில்லை.

ஜெம்பரில் அவர் இறங்கும்போது ஒரு பக்பியா பெட்டியை என் கையில் திணித்துவிட்டு, அந்த இளைஞரிடம் ஜாவானிய மொழியில் ஏதோ சொன்னார். அதற்குப் பிறகு அந்த இளைஞர் என்னைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். குமித்திர் மலை, காபித் தோட்டங்கள் எல்லாம் இருட்டில் போயின. சிக்னல் இல்லாததால் மொழிபெயர்ப்பும் நின்றுவிட்டது. கையால் பேசிக்கொண்டோம்.

நான் அன்றிரவே படகேறி பாலிக்குப் போவதாக இருந்தேன். கெத்தாப்பாங் நிலையத்திலிருந்து துறைமுகத்துக்கு நடந்தே போய்விடலாம், படகு இரவு பகலாக ஓடுகிறது, ஒரு மணி நேரத்துக்குள் அக்கரை. அவர் வேண்டாம் என்றார். பாலியில் நேரம் ஒரு மணி முன்னால், நீ அக்கரைத் துறைமுகமான கிலிமானுக்கில் இறங்கும்போது பத்து, பதினொன்று ஆகிவிடும், அங்கே பேருந்து ஆள் நிரம்பினால்தான் கிளம்பும், கேட்ட காசைக் கொடுக்க வேண்டியிருக்கும், தென்பசார் இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார். நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு விடுதியில் என்னை விட்டுவிட்டு, அக்கா வீட்டுக்குப் போய், காலையில் திரும்பி வந்தார். சேர்ந்து படகேறினோம். ஆள் கட்டணம் பத்தாயிரம் ரூபியா சொச்சம். பகல் வெளிச்சத்தில் நீரிணையின் இரண்டு கரையும் தெரிந்தன. 2025 ஜூலை 2 இரவு இதே நீரிணையில் ஒரு படகு மூழ்கி உயிர்கள் போயின. அலை பெரிதாக இருக்கும் இரவுகளில் காத்திருப்பதே நல்லது என்று இப்போது கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

எனக்குப் பட்டது இதுதான். அந்த நாட்டில் வண்டிக்குள் இருப்பவர்கள் பிரச்சினை இல்லை. இறங்கி அடுத்த வண்டி ஏறும் அந்த இடைவெளியில்தான் பணமும் போகிறது, பயமும் வருகிறது. ரயில் நிலையங்கள் ஊருக்கு நடுவில் இருக்கின்றன. பேருந்து முனையங்கள் பல ஊர்களில் வெளியே தள்ளி இருக்கின்றன. சுரபாயாவுக்கான பெரிய முனையம் சுரபாயா எல்லைக்கே வெளியே, சிதோவார்ஜோவில். அதனால் டிக்கெட்டில் மிச்சம் பிடிப்பதைவிட, எந்த நேரத்தில், எந்த இடத்தில் இறங்குகிறோம் என்று பார்த்துத் திட்டம் போடுங்கள்.

திருச்சியிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் பெண், தனியாகத்தான் போனேன், கப்பலில். பெல்னி என்பது அரசுக் கப்பல் நிறுவனம். கப்பல்களுக்குப் பெரும்பாலும் மலைப் பெயர்கள். நான் ஏறியது கெலுத். ஜகார்த்தாவின் தஞ்சுங் பிரியோக்கிலிருந்து பாத்தாம் என்ற தீவு வழியாக, மேடானின் துறைமுகமான பெலாவானுக்குப் போகிறது. இரண்டு நாளுக்கு மேல் கடலில். எக்கானமி வகுப்பு என்றால் பெரிய கூடத்தில் வரிசை வரிசையாக மெத்தைகள். ஆண் பெண் என்று பிரிவு கிடையாது, மறைப்பும் கிடையாது. டிக்கெட்டில் உள்ள எண்தான் உங்கள் படுக்கை. கரப்பான் பூச்சிகள் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏறின உடனே என் எண்ணுக்கு இரண்டு பக்கமும் ஆண்கள். நான் பையை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, எதிர் வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா எழுந்து வந்தார். யாரிடமும் கேட்கவில்லை. ஒரு பையனைத் தட்டி எழுப்பி என் இடத்துக்கு அனுப்பிவிட்டு, அவன் இடத்தில் என்னை உட்கார வைத்தார். அவர் மகளும் பேத்திகளும் சுற்றி. அதற்குப் பிறகு கழிப்பறைக்குப் போனாலும் ஒரு பேத்தி துணைக்கு வந்தாள்.

சாப்பாடு டிக்கெட்டோடு சேர்ந்தது. வரிசையில் நின்று டிக்கெட்டைக் காட்டினால் பெட்டியில் சோறு, ஒரு துண்டு மீன் அல்லது முட்டை, கொஞ்சம் காய். உப்பு காரம் இருக்காது. எல்லாருமே வீட்டிலிருந்து மிளகாய் விழுது, கப் நூடுல்ஸ், பழம் கொண்டுவருகிறார்கள். நீங்களும் கொண்டுபோங்கள். தொழுகை நேரம் வந்தால் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள், கூடவே கிப்லா, அதாவது தொழும் திசை, இப்போது கப்பலின் எந்தப் பக்கம் என்றும் சொல்வார்கள். அந்த அறிவிப்பை வைத்து, கப்பல் திரும்பியிருப்பதை நான் தெரிந்துகொள்வேன்.

அந்தப் பெரியம்மா கபான்ஜாஹேக்காரர், காரோ இனத்தவர். சீனாபுங் எரிமலைக்குப் பக்கத்து ஊர். கிறித்தவர். அவர்கள் ஊரில் முதல் கேள்வியே உன் குலம் என்ன என்பதுதான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் தன் குலத்தைச் சொன்னார்: செம்பிரிங் பாண்டியா. நான் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து எழுதிக் கேட்டேன். தன் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். அதே பெயர். எங்கள் செம்பிரிங் குலத்தில் பாண்டியா உண்டு, சோலியா உண்டு, பிரஹ்மானா உண்டு, மெலியாலா உண்டு என்று விரலை மடக்கினார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்தப் பெயர்கள் தென்னிந்தியத் தொடர்பிலிருந்து வந்தவை என்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அதே சுமத்ராவின் மேற்குக் கரையில், பாருஸ் அருகே லோபு துவாவில், கி.பி. 1088-ஐச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வெட்டியது. கற்பூரம் வாங்கப் போனவர்கள். இதையெல்லாம் நான் படித்திருக்கிறேன். ஆனால் கப்பல் மெத்தையில் உட்கார்ந்து எனக்குத் தலை வாரிவிடுகிற ஒரு பெரியம்மா, நான் பாண்டியா என்று சொன்னபோது அது வேறு மாதிரி இருந்தது.

முதலில் எழுதியவர் சொன்ன இடைவெளி எனக்கும் வந்தது. பெலாவானில் இறங்கியதும் டாக்சிக்காரர்கள் மொய்த்துக்கொண்டார்கள், ஒருவர் பையைப் பிடித்து இழுத்தார். மேடான் அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். பெரியம்மாவின் மருமகன் வண்டி கொண்டுவந்திருந்தார். ஏற்கெனவே ஏழு பேர், எனக்கும் இடம் பண்ணினார்கள். காசு கொடுத்தபோது அவர் கோபித்துக்கொண்டார்.

அடுத்த பதில்:

மேடான் பேச்சு வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். அங்கே போகிறவர்கள் கம்போங் மெட்ராஸ் பகுதியில் மாரியம்மன் கோயிலுக்குப் போங்கள். 1884-இல் கட்டியது. மேடான் வட்டாரமான டெலியின் புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட நம்மவர்கள் எழுப்பியது. நான் பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு தாத்தா வந்து தமிழில் பேசினார். வேகமாகப் பேசினால் தனக்குப் புரியாது, மெதுவாகப் பேசு தம்பி என்றார். பேரப்பிள்ளைகள் இந்தோனேசிய மொழிதான் பேசுகிறார்கள், அவர்களிடம் தேவாரத்தை ரோமன் எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று ஒரு நோட்டைக் காட்டினார். முதல் பக்கத்தில் "தோடுடைய செவியன்". ஒரு வரியில் அவருக்குச் சந்தேகம் இருந்தது, என்னைப் பாடச் சொன்னார். தெரிந்த வரை பாடினேன். பேனாவால் திருத்திக்கொண்டார். அன்று மதியம் அவர் வீட்டில்தான் சாப்பாடு, ரசத்தோடு.

இழையைத் தொடங்கியவர்:

தேவாரத் தாத்தாவைப் பற்றி எழுதியதற்கு நன்றி, அடுத்த முறை மேடான் கட்டாயம்.

செலவு பற்றித் தனிச் செய்தியில் கேட்டவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் போய் இறங்கியதும் எடுக்கும் விசா உண்டு, ஐந்து லட்சம் ரூபியா, முப்பது நாள், ஒரு முறை நீட்டிக்கலாம். பாலிக்குள் நுழைய 2024 பிப்ரவரியிலிருந்து ஒன்றரை லட்சம் ரூபியா தனி வரி. யோக்யகர்த்தாவிலிருந்து பிரம்பனான் கோயிலுக்கு டாக்சி வேண்டாம். சோலோ என்ற நகருக்குப் போகும் மின்ரயில் எட்டாயிரம் ரூபியாதான், பிரம்பனான் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். படகு டிக்கெட்டைத் துறைமுக வாசலில் கையை நீட்டுகிறவரிடம் வாங்காதீர்கள், ஃபெரிசி செயலியில் முன்கூட்டியே எடுங்கள். நோன்புப் பெருநாளுக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் ஊரே சொந்த ஊருக்குப் போகும். அந்த நாட்களில் எக்கானமி டிக்கெட் கிடைக்காது. தேதியை முதலில் பார்த்துவிட்டு விமான டிக்கெட் போடுங்கள்.

சுலாவெசி, மலுக்கு பக்கம் கப்பலில் போனவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். மக்காசாரில் ஏறி அம்போன் வரை போக ஆசை. அங்கே இறங்கும் நேரம் பகலா இரவா என்பதுதான் என் முதல் கேள்வி.