பெயரில் பெர்னாண்டோ இருந்தால் போர்ச்சுகல் பாஸ்போர்ட் கிடைக்குமா?

சின்னமுட்டத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். நான் கத்தாரில் ஏசி டெக்னீசியன், இப்போது லீவில் ஊரில் இருக்கிறேன். மார்த்தாண்டம் பக்கம் ஒரு ஏஜென்ட் (ஆபீஸ் பெயர் வேண்டாம், வம்பு) நம்ம கடற்கரை ஊர்களில் பெயருக்குப் பின்னால் பெர்னாண்டோ, ரொட்ரிகோ, பெரைரா என்று வருகிற ஆட்களாகத் தேடிப் பிடித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். இந்தப் பெயரெல்லாம் போர்ச்சுகீசியர் கொடுத்தது, அதனால் நமக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கேட்க உரிமை உண்டு, தாத்தா கோவாவில் பிறந்தார் என்று ஒரு சான்றிதழ் அங்கிருந்தே "எடுத்து" லிஸ்பனில் பதிவு செய்துவிட்டால் ஒன்றரை வருடத்தில் பாஸ்போர்ட், அப்புறம் நேராக லண்டன் போய் வேலை பார்க்கலாம் என்கிறார். மொத்தம் பதினெட்டு லட்சம், முன்பணம் மூன்று. இந்தியப் பாஸ்போர்ட்டையும் கையிலேயே வைத்துக்கொள்ளலாமாம், யாருக்கும் தெரியாதாம்.

என் தாத்தா தூத்துக்குடியைத் தாண்டிப் போனதே கிடையாது. அதைச் சொன்னால் "அத எங்ககிட்ட விடுங்க" என்று சிரிக்கிறார். பங்குச் சாமியாரிடம் குடும்பத்தின் ஞானஸ்நானச் சான்றிதழ்களை மட்டும் வாங்கி வரச் சொன்னார். என் மச்சான் பணம் கொடுக்கவில்லை, ஆனால் பாஸ்போர்ட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். என் மனைவி நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவள் இது வேண்டவே வேண்டாம் என்கிறாள். எனக்கு என்னவென்றால், கத்தாரில் முப்பது வருடம் கிடந்தாலும் கடைசியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பத்தான் வேண்டும், பிள்ளைகளுக்காவது ஒரு வழி பிறக்காதா என்று ஒரு ஆசை. இது சட்டப்படி நடக்குமா? நடக்காது என்றால் வேறு என்ன வழி?

வடசேரி குமாஸ்தா:

தம்பி, அந்த ஆள் சொல்வதில் கால்வாசி உண்மை இருக்கிறது, அதை வைத்துத்தான் மீதி முக்காலையும் விற்கிறார். 1961 டிசம்பர் 19 வரை கோவா, டாமன், டையூ மூன்றும் போர்ச்சுகல் ஆட்சியில் இருந்தன. அதற்கு முன் அங்கே பிறந்தவர்களையும் அவர்களுடைய பிள்ளை, பேரப்பிள்ளைகளையும் போர்ச்சுகல் சட்டம் தன் குடிமக்களாக ஏற்றுக்கொள்கிறது. பிறப்பை லிஸ்பனில் மத்தியப் பதிவகத்தில் பதிய வேண்டும், பல கோவாக்காரர்கள் அப்படி முறையாகவே வாங்கியிருக்கிறார்கள். அங்கே கேட்பது பிறந்த இடத்தை. பெயரை வைத்து யாரும் எதுவும் தருவதில்லை.

நம்ம ஆட்கள் 1500-களில் ஞானஸ்நானம் வாங்கியபோது அந்தப் பெயர்கள் வந்தன, சவேரியார் வந்த காலம். ஆனால் குமரிக் கடற்கரை அப்போது வேணாட்டில் இருந்தது, பிறகு திருவிதாங்கூர், 1956-இல் தமிழ்நாடு. போர்ச்சுகல் ராஜா இங்கே ஆண்டதே இல்லை. அப்படியிருக்க உங்கள் தாத்தாவைக் கோவாவில் பிறக்கவைக்க வேண்டும் என்றால் பொய்ச் சான்றிதழ் ஒன்றுதான் வழி. அது போலி ஆவணம் தயாரித்தல், அதைத் தெரிந்தே பயன்படுத்துதல் என்று இரண்டு குற்றம், அப்புறம் ஏமாற்று வழக்கும் சேரும். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், ஏமாற்றுக்கான 318(4)-க்கு மட்டுமே ஏழு வருடம் வரை ஜெயில் உண்டு. மனுவில் கையெழுத்துப் போடுவது நீங்கள், அவர் இல்லை. நாளைக்குப் போர்ச்சுகலில் கண்டுபிடித்து ரத்து செய்தாலும் மாட்டுவது நீங்கள்தான்.

லண்டன் கதை அதைவிடப் பழசு. பிரெக்சிட்டுக்கு, அதாவது ஐரோப்பிய யூனியனை விட்டுப் பிரிட்டன் விலகியதற்கு முன்னால், போர்ச்சுகல் பாஸ்போர்ட்டோடு கோவாக்காரர்கள் இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் போய்க் குடியேறினார்கள், உண்மை. 2021 ஜனவரி 1 முதல் அந்த வாசல் மூடிவிட்டது. இன்றைக்குப் புதிதாகப் போர்ச்சுகல் பாஸ்போர்ட் எடுத்தவர் பிரிட்டனைச் சுற்றிப் பார்க்கப் போகலாம், வேலை பார்க்க மற்றவர்களைப் போல விசாதான். இதுகூடத் தெரியாமலா ஒருவர் பதினெட்டு லட்சம் கேட்கிறார்? தெரியும், சொல்ல மாட்டார்.

கருங்கல் ரப்பர்:

எல்லாரும் சும்மா பயமுறுத்தாதீங்க. எங்க சித்தப்பா மகன் இதே மாதிரி ஒரு ஆள் மூலம்தான் போனான், இப்போ பிரான்சில் ஓட்டலில் வேலை, ஒரு பிரச்சினையும் இல்லை. ரிஸ்க் எடுக்காமல் யார்தான் முன்னேறினார்கள்?

தூத்தூர் ஜோ:

@கருங்கல் ரப்பர் உங்க அண்ணன் ஊருக்கு எந்தப் பாஸ்போர்ட்டில் வருகிறார் என்று கேட்டுப் பாருங்க மக்கா.

வடசேரி குமாஸ்தா:

ஜோ கேட்டதுதான் கேள்வி. இரட்டைக் குடியுரிமை இந்தியாவில் கிடையாது. 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை நீங்களாக விரும்பி வாங்கினால் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும், யாரும் நோட்டீஸ் அனுப்ப வேண்டியதில்லை. பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்து சரண்டர் சர்டிபிகேட் வாங்க வேண்டும். வாங்காமல் பழைய பாஸ்போர்ட்டிலேயே திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினால் அது பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம், மாட்டினால் அபராதமும் வழக்கும். அதே கோவாவில் நிறைய பேர் இதை மறைத்து, பாஸ்போர்ட் ரத்தாகி, ஓசிஐ அட்டையும் (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) எடுக்க முடியாமல் திண்டாடினார்கள். ரத்து உத்தரவையே சரண்டருக்குப் பதிலாகக் காட்டலாம் என்று 2024-இல்தான் மத்திய அரசு வழி விட்டது. அவர்களுக்காவது தாத்தா உண்மையிலேயே கோவாவில் பிறந்தவர்.

ஓசிஐ பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அதை இரட்டைக் குடியுரிமை என்று சொல்லி விற்கிறவர்களும் உண்டு. அது ஆயுள் முழுக்க வந்துபோகிற விசா, அவ்வளவுதான். ஓட்டு கிடையாது, அரசு வேலை கிடையாது. நம்ம ஊர்க்காரர்களுக்கு உறைக்க வேண்டியது நில விஷயம். ஓசிஐ வைத்திருப்பவர் வீடு வாங்கலாம், ஆனால் விவசாய நிலமோ தோட்டமோ புதிதாக விலைக்கு வாங்க முடியாது, அப்பா வழியில் வந்ததை வைத்துக்கொள்ளலாம். கருங்கல்காரர் அண்ணன் பிரான்சில் சம்பாதித்துக் குலசேகரத்தில் நாலு ஏக்கர் ரப்பர் போடலாம் என்று கனவு கண்டிருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். வேத ஊழியம் செய்வதற்குக்கூட ஓசிஐகாரர்கள் தனி அனுமதி வாங்க வேண்டும், குமரி மாவட்டத்தில் இது எத்தனை குடும்பத்துக்குப் பொருந்தும் என்று எனக்குத் தெரியும்.

துபாய் தக்கலையான்:

பணம் கொடுத்துக் குடியுரிமை வாங்குவது சட்டப்படியே சில நாடுகளில் உண்டு, ஆனால் அது பதினெட்டு லட்சத்துக்குக் கிடைக்கிற சரக்கு இல்லை. செயின்ட் கிட்ஸ் 1984-இலேயே தொடங்கிவிட்டது. கரீபியன் தீவு நாடுகள் நான்கு 2024-இல் உட்கார்ந்து பேசி, இரண்டு லட்சம் டாலருக்குக் கீழே கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தன. அதுவே ஒன்றரைக் கோடிக்கு மேல், வக்கீல் செலவு தனி. இங்கிருந்து டாலர் அனுப்பவும் ரிசர்வ் வங்கி வைத்த வரம்பு ஒரு ஆளுக்கு வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர். சைப்ரஸ் ஊழல் வெளியே வந்து 2020-இல் கடையை மூடியது, மால்டாவின் திட்டம் செல்லாது என்று 2025 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றமே சொல்லிவிட்டது. அப்படி வாங்கினாலும் நிலைக்கும் என்று நினைக்காதீங்க. லலித் மோடி வனுவாட்டு பாஸ்போர்ட் வாங்கிய செய்தி வந்த கையோடு, 2025 மார்ச்சில் அதை ரத்து செய்யச் சொல்லி அந்த நாட்டுப் பிரதமரே உத்தரவு போட்டார். அதற்கு முன்பே, 2024 கடைசியில், வனுவாட்டு பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாத அனுமதி இனி இல்லை என்று ஐரோப்பிய யூனியன் முடித்துவிட்டது.

வளைகுடா விஷயம் உங்களுக்கே தெரியும். அமீரகத்தில் 2021-இல் சட்டத்தைத் திருத்தி விஞ்ஞானி, டாக்டர், முதலீட்டாளர் என்று சிலருக்குக் குடியுரிமை கொடுக்கலாம் என்று வைத்தார்கள், அதற்கு நாமாக மனுப்போட முடியாது, அவர்களாகப் பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும். கோல்டன் விசா என்பது பத்து வருடத் தங்கும் விசா மட்டுமே. 2025 ஜூலையில் ஒரு லட்சம் திர்ஹாமுக்கு வாழ்நாள் கோல்டன் விசா என்று வாட்ஸ்அப் முழுக்க ஓடியது, இங்கே என் ரூமில் மட்டும் மூன்று பேர் விசாரிக்கக் கிளம்பினார்கள், அமீரக அதிகாரிகளே பொய் என்று மறுத்த பிறகுதான் அடங்கினார்கள்.

தூத்தூர் ஜோ:

படகில் கனடா என்று சொல்கிறவனும் இன்னும் இருக்கிறான். 2021-இல் நம்ம பக்கத்து முகாம்களில் இருந்த இலங்கைத் தமிழரையும் சேர்த்து 89 பேர் அப்படிக் கிளம்பி, படகு பழுதாகி இந்தியப் பெருங்கடல் நடுவில் டியேகோ கார்சியா தீவில் இறங்கினார்கள். மூன்று வருடம் அங்கேயே வேலிக்குள் கிடந்தார்கள். கடல் தெரிந்த நமக்கே அந்தத் தூரம் என்னவென்று தெரியும். குடியுரிமைக்காகப் பேப்பரில் மட்டும் செய்கிற கல்யாணம் இன்னொன்று. அமெரிக்காவில் அதற்கு ஐந்து வருடம் வரை ஜெயில்.

டப்ளின் சிஸ்டர்:

அண்ணா, நீங்கள் எழுதியதில் ஒரு வரியை யாருமே கவனிக்கவில்லை. உங்கள் மனைவி நர்ஸ்! அப்புறம் எதற்குத் தாத்தாவைக் கோவாவுக்கு அனுப்புகிறீர்கள்?

நான் இரணியல் பக்கம், அயர்லாந்துக்கு வந்து குடியுரிமையும் வாங்கிவிட்டேன். வழி இதுதான். முதலில் ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி என்கிற ஆங்கிலத் தேர்வு, நர்ஸ்களுக்கு ஓஇடி கொஞ்சம் கைகொடுக்கும், ஆஸ்பத்திரிப் பேச்சுதான் கேட்பார்கள். பிறகு அயர்லாந்து நர்சிங் போர்டில் பதிவு, அவர்கள் சான்றிதழ்களைப் பார்த்து, இங்கே வந்து பயிற்சிக் காலமோ தேர்வோ முடிக்கச் சொல்வார்கள். இதில்தான் பொறுமை வேண்டும், படித்த காலேஜ், நர்சிங் கவுன்சில், வேலை பார்த்த ஆஸ்பத்திரி என்று ஒவ்வொரு இடத்திலும் பேப்பருக்கு நடக்க வேண்டும், நம்ம ஊர் ஆஸ்பத்திரி சிலது அனுபவச் சான்றிதழ் கொடுக்கப் படுத்துகிற பாடு தனிக் கதை. பதிவு பெற்ற நர்ஸ் வேலை கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் பட்டியலில், அதாவது இங்கே ஆள் அவசரமாகத் தேவைப்படுகிற வேலைகளின் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியல் வேலைக்குத் தருகிற பெர்மிட் இருந்தால் கணவரையும் பிள்ளைகளையும் காத்திருக்காமல் கூட்டி வரலாம், கணவர் தனி பெர்மிட் இல்லாமலேயே வேலை பார்க்கலாம். ஏசி டெக்னீசியனுக்கு இங்கே வேலை கிடைக்குமா என்று கேட்டால், இங்கே வீடுகளில் ஏசி அபூர்வம், ஆனால் குளிர்பதன வேலை சூப்பர்மார்க்கெட், மருந்து கம்பெனி என்று நிறைய இருக்கிறது.

சட்டப்படி ஐந்து வருட வசிப்பு சேர்ந்ததும் குடியுரிமைக்கு எழுதலாம், அதில் கடைசி ஒரு வருடம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். மனுவுக்கு 175 யூரோ, கிடைத்தால் சான்றிதழுக்கு 950 யூரோ. யாருக்கும் லட்சக்கணக்கில் அழ வேண்டாம். இன்னொன்று, ஐரிஷ் குடிமக்கள் பிரிட்டனில் விசா இல்லாமல் வாழலாம், வேலை பார்க்கலாம், பிரெக்சிட்டுக்குப் பிறகும் அது மாறவில்லை. அந்த ஏஜென்ட் லண்டன் என்று சொன்னாரே, அதற்கு நேரான வழி இங்கேதான் இருக்கிறது. ஆனால் குடியுரிமை வாங்கிய அன்று இந்தியக் குடியுரிமை போகும், அந்தக் கவலை எனக்கும் இருந்தது, அம்மா ஒரு வாரம் போனில் பேசவில்லை.

ஏஜென்ட் கட்டாயம் வேண்டும் என்றால் மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்றவர்கள் வேலைக்கு ஆளெடுக்க அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். தமிழ்நாடு அரசின் வெளிநாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் நர்ஸ்களை அனுப்புகிறது.

சின்னமுட்டத்தான்:

சிஸ்டர், ரொம்ப நன்றி. இதை அப்படியே அவளிடம் காட்டினேன், "நான் இதை ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன்" என்றாள். ஓஇடி கோச்சிங் நாகர்கோவிலில் விசாரிக்கிறோம். குமாஸ்தா அண்ணே, மச்சான் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டதற்கு, பைல் போட்ட செலவு இருபதாயிரம் கொடுத்தால்தான் தருவேன் என்கிறார் அந்த ஆள். என்ன செய்ய?

வடசேரி குமாஸ்தா:

ஒரு பைசா கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட் என்பது மச்சானுடையதுகூட இல்லை, மத்திய அரசின் சொத்து, பாஸ்போர்ட் சட்டம் 17-ஆம் பிரிவு. தனியார் யாரும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்க முடியாது. முதலில் வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள், "இருபதாயிரம் கொடுத்தால் தருவேன்" என்று அவர் எழுத்திலோ குரலிலோ பதில் போட்டால் அதை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் வராவிட்டால் அதையும் பாஸ்போர்ட் நகலையும் வைத்து மார்த்தாண்டம் ஸ்டேஷனில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள், இழுத்தடித்தால் நாகர்கோவிலில் எஸ்.பி. ஆபீஸ். பெரும்பாலும் ஸ்டேஷன் பெயரைச் சொன்னதுமே எடுத்து நீட்டிவிடுவார்கள். சாமியாரிடம் வாங்கிய ஞானஸ்நானச் சான்றிதழ் எதையாவது அவரிடம் கொடுத்திருந்தால் அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள், அதை வைத்து யார் தாத்தாவை எங்கே பிறக்கவைப்பாரோ.