மால்ட் பார்லி: விதைப்புத் தேதியும் யூரியாவும் (உங்கள் அனுபவம்?)

சிர்சா, ஹரியானாவிலிருந்து:

இங்கே பீருக்காகப் பார்லியை முளைகட்டி உலர்த்தும் ஒரு மால்ட் ஆலைக்காகப் பார்லி கொள்முதல் பார்க்கிறேன். ஏப்ரல் வந்தால் விவசாயிகள் தினமும் கேட்பது: "கோதுமைக்குப் போட்ட மாதிரிதானே உரம் போட்டேன், ஏன் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள்?" விடையும் அதிலேயே இருக்கிறது: கோதுமை அளவுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) போட்டால் மணியில் புரதம் ஏறிவிடும். எங்களுக்குப் புரதம் 9 முதல் 11 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் மாவுச்சத்து குறையும், பீரும் கலங்கும்.

போன பருவத்தில் ஒரே விவசாயியின் இரண்டு வயல்களைப் பார்த்தேன். கொத்தவரை எடுத்த வயலில் நவம்பர் நடுவில் விதைத்திருந்தார். பருத்தி எடுத்த வயல் காலியாகவே தாமதமாகி, டிசம்பர் நடுவில்தான் விதைப்பு. இரண்டிலும் ஒரே விதை, ஒரே அளவு யூரியா. முதல் வயலின் மணி திரண்டு இருந்தது, அப்படியே எடுத்துக்கொண்டோம். இரண்டாவதில் மணி சிறுத்து, பாதிக்கு மேல் 2.5 மில்லிமீட்டர் சல்லடையில் கீழே விழுந்தது, புரதமும் எல்லை தாண்டிவிட்டது.

தாமதித்த பயிர் மணி பிடிக்கும்போது மார்ச் வெயில் வந்துவிடுகிறது. சூட்டில் மாவுச்சத்து சேருவது சீக்கிரம் நின்றுவிடும். ஆனால் இலையிலும் தண்டிலும் இருக்கும் தழைச்சத்து பெரும்பாலும் மணிக்குள் போய்விடும். சிறுத்த மணியில் அத்தனை தழைச்சத்தும் சேர்ந்தால் புரத விகிதம் ஏறத்தானே செய்யும்?

அதனால் நாங்கள் சொல்வது இதுதான். நவம்பரில் விதைத்தால் ஹெக்டேருக்கு 90 கிலோ தழைச்சத்து. டிஏபி (மணிச்சத்தோடு கொஞ்சம் தழைச்சத்தும் உள்ள உரம்) போடுகிறவர்களுக்கு அதில் வருவது போக ஏக்கருக்குச் சுமார் ஒன்றரை மூட்டை யூரியா. டிசம்பர் விதைப்பென்றால் 60 கிலோ போதும், யூரியா ஒரு மூட்டைக்கும் குறைவு. பாதியை அடியுரமாகவும் மீதியை முதல் தண்ணீரோடும் கொடுத்து முடித்துவிட வேண்டும். பருத்திக்காரர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. தாமதமாகிவிட்டதே என்று கூடுதலாகப் போட்டு ஈடுகட்டப் பார்க்கிறார்கள்.

சீகர், ராஜஸ்தானிலிருந்து:

அண்ணா, இங்கே கம்பு எடுத்ததும் வயல் காலியாகிவிடுவதால் தேதிப் பிரச்சினை குறைவு. எங்கள் தலைவலி மூன்றாவது முறை போடும் யூரியா. மணல் நிலம், கதிர் வரும் நேரத்தில் இலை கொஞ்சம் வெளுத்தால் உடனே ஒரு கை யூரியா வீசிவிடுகிறார்கள். அந்தப் பருவத்தில் தூர் (பயிரின் பக்கத் தண்டு) எண்ணிக்கை ஏற்கெனவே முடிவாகிவிட்டது, விளைச்சல் பெரிதாக அதிகரிக்காது. போட்டதெல்லாம் புரதமாகத்தான் ஏறும். மண்டியில் கால்நடைத் தீவன விலைக்குத்தான் போகும். இதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது, நல்ல பயிரைக் கடைசி நேரத்தில் கெடுத்துவிடுகிறோம்.

அபர்தீன், ஸ்காட்லாந்திலிருந்து:

இங்கே விஸ்கிக்கான பார்லி. கணக்கையே மணியின் நைட்ரஜனில்தான் சொல்வார்கள், 1.65 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்க்கிறார்கள். 6.25-ஆல் பெருக்கினால் புரதம் 10.3 வருகிறது, உங்கள் எல்லைக்குள்தான். மார்ச், ஏப்ரலில் விதைப்பு. கோடை குளிர்ச்சியாகவும் பகல் நீளமாகவும் இருப்பதால் மணி நிதானமாகத் திரள்கிறது. ஆனாலும் உரத்தில் தாராளம் கிடையாது. விதைக்கும்போதே பெரும்பகுதியைப் போட்டு, மிச்சத்தைப் பயிர் தூர் கட்டும்போது முடித்துவிடுகிறார்கள். சிர்சா அண்ணா, முந்தைய பயிர் விட்டுப்போன தழைச்சத்தை உங்கள் பக்கம் கணக்கில் எடுப்பது உண்டா? இங்கே அதைக் கழித்துவிட்டுத்தான் மூட்டையையே பிரிப்பார்கள்.