திசுவில் தெரியும் கரும்புள்ளி தங்கத் துகள்தானா?

கேள்வி – ஆய்வு மாணவி, தஞ்சாவூர்
வணக்கம். எலியின் மார்பகப் புற்றுக்கட்டிக்குள் 20 நானோமீட்டர் தங்கத் துகள்கள் சென்று சேர்ந்தனவா என்று பார்த்துவருகிறேன். ஃபார்மலினில் பதப்படுத்தி, பாரஃபின் பிளாக்கிலிருந்து 4 மைக்ரான் தடிமனில் சீவி, ஹெமடாக்சிலின்–ஈயோசின் சாயமேற்றிய ஸ்லைடில் பழுப்புக் கலந்த கரும்புள்ளிகள் தெரிகின்றன. இவற்றைத் தங்கம் என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

மறுமொழி – நோய்க்குறியியல் மருத்துவர், கும்பகோணம்
இப்போதைக்கு எழுத வேண்டாம், அம்மா. சாதாரண ஒளி நுண்ணோக்கி ஏறத்தாழ 200 நானோமீட்டருக்கும் நெருக்கமாக உள்ளவற்றைப் பிரித்துக் காட்டாது என்பதால், நீங்கள் பார்ப்பது தங்கமாகவே இருந்தாலும் அது பல துகள்கள் திரண்ட குவியலாகத்தான் இருக்க முடியும். ஃபார்மலின் நிறமியும் இதே பழுப்புக் கருமையில்தான் இருக்கும். இரத்தம் மிகுந்த திசு, பஃபர் (அமிலத்தன்மை ஏறாமல் காக்கும் உப்புக் கலவை) சேர்க்காமல் அமிலமேறிய ஃபார்மலினில் கிடந்தால் அது படியும். ஐப்பசி அடைமழையில் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து நாள்கடந்து வந்துசேர்ந்த மாதிரிகளில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நுண்ணோக்கியில் போலரைசர் (ஒளியை ஒரே தளத்தில் அதிரவைக்கும் வடிகட்டி) வைத்தால் அந்த நிறமி மின்னும், ஆனால் தங்கக் குவியலும் ஒளியைச் சிதறடிக்கும் என்பதால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். பிக்ரிக் அமிலம் செறிந்த ஆல்கஹாலில் சீவலை ஊறவையுங்கள். நிறமி போய்விடும், தங்கம் நிற்கும். இரும்பு நிறமியா என்பதற்குப் பெர்ல்ஸ் சாயம் போதும், நீலமாகிவிடும்.

மறுமொழி – எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கூட ஊழியர், திருச்சி
ஐயா சொன்னதோடு ஒன்று. எலக்ட்ரான் நுண்ணோக்கியிலும் கருப்பெல்லாம் தங்கமாகிவிடாது. சாயமாக இடும் ஈய சிட்ரேட், நாம் விடும் மூச்சுக்காற்று பட்டாலே ஈய கார்பனேட்டாகப் படிந்து கரும்புள்ளியாக நிற்கும். ஆகவே சாயமிடாத சீவல் ஒன்றையும் கட்டாயம் பாருங்கள். எக்ஸ் கதிர்த் தனிமப் பகுப்பாய்வில் தங்கத்தின் 2.12 கிலோ எலக்ட்ரான் வோல்ட் முகடு, திசுவைப் பதப்படுத்தச் சேர்க்கும் ஆஸ்மியம், சாயத்திலுள்ள ஈயம் இவற்றின் முகடுகளுக்கு நடுவே நெருங்கிக் கிடக்கும் என்பதால், 9.71-இல் உள்ள முகட்டையும் பார்த்த பிறகே தங்கம் என்று உறுதிசெய்கிறோம்.

ஆய்வு மாணவி
மிக்க நன்றி. பிக்ரிக் அமிலச் சோதனையில் பெரும்பாலான புள்ளிகள் மறைந்துவிட்டன. இரத்தக்குழாயை ஒட்டிய சில மட்டும் எஞ்சியுள்ளன. அதே பிளாக்கிலிருந்து அந்த இடத்தை எடுத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக ரெசினில் பதிக்க இயலுமா?

ஊழியர், திருச்சி
இயலும். பாரஃபினில் பதிக்கும்போது சைலீன் என்ற கரைப்பான் பட்டதால் செல்சவ்வுகள் சிதைந்திருக்கும், ஆனால் தங்கம் இருந்தால் தெரியும். அடுத்த முறை கட்டியை அறுத்த உடனேயே, 1 மில்லிமீட்டர் துண்டுகள் சிலவற்றைத் தனியே 2.5 விழுக்காடு குளுட்டரால்டிஹைடு என்ற பதப்படுத்தும் கரைசலில் இட்டு, உறையாமல் பனிப்பெட்டியில் கொண்டுவாருங்கள்.