புதுப்பிப்பு: உயர்த்திய டிரக்கின் ஸ்டீயரிங் நடுக்கம்

சஸ்பென்ஷனை உயர்த்திய என் டிரக்கில், பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் கடுமையாக நடுங்குவதாக முன்பு எழுதியிருந்தேன், காரணம் தெரிந்துவிட்டது. சக்கரங்கள் தரையில் ஊன்றியிருக்க, நண்பர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிதளவு திருப்ப, ஒவ்வொரு இணைப்பாகக் கவனித்தபோது, முன் அச்சைச் சட்டகத்தோடு பிணைக்கும் டிராக் பார் என்ற கம்பியின் பிராக்கெட்டில் (அதைத் தாங்கும் பிடிப்பில்) உள்ள போல்ட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. ஸ்டீயரிங் அதிர்வை அடக்கும் டேம்பரை மட்டும் மாற்றியிருந்தால் நடுக்கம் சில காலம் மறைந்து, தேய்மானம் உள்ளே தொடர்ந்திருக்கும். ஆகவே தயவுசெய்து அதிலிருந்து தொடங்காதீர்கள். பிராக்கெட்டை மாற்றி, வண்டி தன் எடையில் நிற்கும்போதே போல்ட்டை முறுக்கியதும் நடுக்கம் நின்றுவிட்டது. திருப்பத்துக்குப் பின் ஸ்டீயரிங் தானாக நேராகாத குறை எஞ்சியுள்ளது. உயர்த்தியதால் காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சுக்கோட்டின் பின்புறச் சாய்வு, ஸ்டீயரிங்கைத் தானாக நேராக்க உதவுவது) குறைந்திருப்பதால், அச்சை முன்பின் நகராமல் பிடிக்கும் கீழ்க் கண்ட்ரோல் ஆர்ம்களை நீளமானவையாகப் பொருத்தி அலைன்மென்ட் பார்க்க இருக்கிறேன்.