எட்டில் ஒன்றைத் தள்ளிக் கர்ணம் கண்டுபிடிக்கும் வழி எப்போது சரிவரும்?

கேள்வி (நிழல்கோல்):
வாட்ஸப்பில் சுற்றுகிற அந்தச் செங்கோண முக்கோணக் கணக்கு உங்களுக்கும் வந்திருக்கும். நீண்ட பக்கத்தை எட்டாகக் கூறு போட்டு ஒரு கூறைத் தள்ளு, மிச்சத்தோடு குட்டைப் பக்கத்தில் பாதியைக் கூட்டு, கர்ணம் ரெடி. வர்க்கமும் வேண்டாம், வர்க்கமூலமும் வேண்டாமாம். 3, 4 போட்டேன்: 3.5 + 1.5 = 5. 5, 12 போட்டேன்: 10.5 + 2.5 = 13. அசந்துபோனேன். ஆனால் 8, 15 போட்டால் 17-க்குப் பதில் 17.125 வருகிறது. இது சூத்திரமா, கண்கட்டு வித்தையா? பிதாகரஸை மூட்டை கட்டிவிடலாமா?

பதில் (சாக்பீஸ்):
கட்டிய மூட்டையை அவிழ்த்துவிடுங்கள். குட்டைப் பக்கம் 1, நீண்ட பக்கம் ந என்று வைத்துக்கொள்வோம். குறுக்குவழி தரும் கர்ணம் 7ந/8 + 1/2. இதன் வர்க்கம், பிதாகரஸ் சொல்கிறபடி இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி வரும் ந² + 1-க்குச் சமம் என்று எழுதிச் சுருக்கினால் 15ந² − 56ந + 48 = 0 என்று வந்து நிற்கும். இருபடிச் சமன்பாடு, இரண்டே விடை: 4/3, 12/5. அதாவது நீங்கள் முதலில் போட்ட அதே இரண்டு முக்கோணங்கள்! 6, 8, 10 மாதிரி அவற்றின் மடங்குகளுக்கும் வரும். வேறெந்தச் செங்கோண முக்கோணத்துக்கும் துல்லியமாக வராது. உதாரணத்துக்கு எப்போதும் இந்த இரண்டையே காட்டுகிறார்கள், கவனித்தீர்களா?

ஆனாலும் இதை மட்டம் தட்ட எனக்கு மனசில்லை. அந்த இரண்டு வடிவங்களுக்கும் இடைப்பட்டதில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், அதுவும் 0.8 சதவீதத்தைத் தாண்டாது. மனக்கணக்குக்கு இது தாராளம். வெளியே போனால்தான் வம்பு. இரண்டு பக்கமும் 1 என்றால் 1.414-க்குப் பதில் 1.375. 10, 100 போட்டுப் பாருங்கள்: 92.5. கர்ணம் நீண்ட பக்கத்தைவிடக் குட்டையாகிவிட்டது!

பதில் (மூலைமட்டம்):
நூல் கட்டி மூலை பார்க்கிறவன் சொல்றேன். எங்களுக்குக் கர்ணம் எவ்வளவுங்கிறது கேள்வியே இல்லை, மூலை செங்கோணமா இல்லையாங்கிறதுதான். ஒரு நூல்ல 3 அடி, அடுத்த நூல்ல 4 அடி குறிச்சு, குறுக்கே டேப் பிடிச்சா 5 அடி வரணும். கூடினா மூலை விரிஞ்சிருக்கு, குறைஞ்சா சுருங்கியிருக்கு. இடம் இருந்தா 6, 8, 10 வைப்பேன், பிழை இன்னும் குறையும். இந்தக் குறுக்குவழியை நம்பி 8-க்கும் 15-க்கும் 17.125 பிடிச்சா மூலை ஒரு டிகிரி விரியும். 15 அடி ஓடி முடியறப்போ சுவர் 3 அங்குலத்துக்கு மேல விலகி நிக்கும். அப்புறம் டைல்ஸ் ஒட்ட வர்றவர்கிட்ட யார் திட்டு வாங்குறது?

நிழல்கோல்:
ரெண்டு பேருக்கும் நன்றி. சாக்பீஸ் சார், இன்னொன்று. வர்க்கம் ஏன் நடுவில் வருகிறது? பக்கத்தையும் பக்கத்தையும் கூட்டினால் போதாதா?

பதில் (சாக்பீஸ்):
பக்கத்தையும் பக்கத்தையும் கூட்டினால் அது மூலையைச் சுற்றிப் போகும் தூரம், கர்ணத்தைவிட எப்போதும் அதிகம். வர்க்கம் வருவது பரப்பினால். செங்கோண முனையிலிருந்து கர்ணத்துக்குச் செங்குத்தாக ஒரு கோடு இறக்குங்கள். முக்கோணம் இரண்டாகப் பிரியும். கோணங்களைப் பாருங்கள்: இரண்டுமே தாய் முக்கோணத்தின் அதே வடிவம், அளவில்தான் சிறியவை. அதோடு, தாயின் இரு பக்கங்கள்தான் இவை இரண்டுக்கும் கர்ணங்கள். ஒரே வடிவமுள்ள உருவங்களின் பரப்பு, பக்கத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். குட்டிகளின் பரப்பு இரண்டையும் கூட்டினால் தாயின் பரப்பு. ஆகவே கர்ணங்களின் வர்க்கங்களும் அப்படியே கூடியாக வேண்டும்.

சதுரம்தான் வேண்டும் என்றும் இல்லை. மூன்று பக்கத்திலும் அரைவட்டம் வரையுங்கள், சிறிய இரண்டின் பரப்பும் சேர்ந்தால் பெரியது வரும். பழங்காலக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தன் 'எலிமெண்ட்ஸ்' நூலின் ஆறாம் புத்தகத்தில், 31-ஆவது தேற்றத்தில் இதைப் பொதுவாகவே நிறுவியிருக்கிறார்.